எண்ணெய் கொப்பளித்த பல்

மனைவி இறந்தபின் வீட்டில் நான் மட்டும்தான். மகள் பசுமலையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பல்லுக்குக் கிளிப் போடுவதற்காக வந்திருந்தாள். பல் சுத்தமாகட்டும் என்று காலையில் நல்லெண்ணெய் கொடுத்துக் கொப்பளிக்கச் சொன்னேன்.

கே.கே. நகர் டாக்டர் பல்லைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். “என்னண்ணே, பிள்ளையைத் தாளிச்சுக் கூட்டியாந்திருக்கீங்க? எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா பசை பிடிக்காது. கிளிப் கழண்டா மறுபடி வரணும்.”

“அப்பவே சொன்னேன்லப்பா, இம்புட்டு எண்ணெய் எதுக்குன்னு?” என்று மகள் முறைத்தாள். கூச்சத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டர் ஏதோ பொடியைக் குழைத்துப் பல்லைத் தேய்த்தார். கழுவி, உலர்த்தி, கிளிப்பை ஒட்டினார். “நல்லாப் பிடிச்சிருச்சு. இனி அடுத்த மாசம் வந்தாப் போதும்.”

கழன்றால் அடுத்த வாரமே வருவாளே என்று தோன்றியது.

விடுதி வாசலில் இறங்கியவள், உதடு மூட முடியாமல், “வாரேன்ப்பா” என்றாள். வீட்டுக்கு வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.