நான்கு பிரதிகளை அழித்த ரெஜினா மேடம்

செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரீரங்கத்திலிருந்து வேலைக்குக் கிளம்பி, காவிரிப் பாலத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ரெஜினா மேடத்தின் தம்பி போன் செய்தார். “அக்கா போயிட்டாங்க. நாலு மணிக்கு மேலப்புதூர்ல அடக்கம்.” அவ்வளவுதான்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சிறிய நிறுவனம் தோட்டங்களுக்கு மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறது. அதற்குள் எல்லா நிரல்களுக்கும் அடியில் ஓடும் கெர்னல் என்ற ஆதார நிரலை எழுதியவர்கள் இரண்டே பேர்: அவரும் நானும். அதில், பட்டியலில் ‘வேலை இருக்கிறது’ என்று அறிவிக்க ஒரு பிட் உண்டு, சுவிட்ச் மாதிரி. பெட்டியிலுள்ள இரண்டு பிராசஸர்கள் ஒரே நேரத்தில் கைவைத்தாலும் குழம்பாதபடி அதைப் போட வேண்டும். எங்கள் பெட்டிகளில் வரும் நான்கு வகை பிராசஸர் சில்லுகளுக்கும் தனித்தனியாக, அந்தந்தச் சில்லின் சொந்த மொழியான அசெம்பிளியில் அதை எழுதியவன் நான். வேகத்துக்காக.

அவர் சேர்ந்த முதல் வாரமே கேட்டார்: “நாலு பிரதி எதுக்குங்க? ஒண்ணு போதாதா?”

“ஓடுதுல்ல மேடம், விடுங்க.”

“ஓடுற வரைக்கும் ஓடும், ஸ்ரீரங்கத்தாரே.”

அந்தக் கோடையில் ஜீயபுரத்தில் ஓடவில்லை. பெட்டி சில நேரம் கட்டளையை வாங்கிக்கொள்ளும், மோட்டார் அசையாது. தோட்டக்காரர் செல்வராஜ் போனில் கத்தினார்: “என் வாழை காயுது, உங்க பெட்டி தூங்குது!” முதலாளி ஒரு வாரம் கெடு கொடுத்தார். தவறினால் பெட்டிகள் எல்லாம் திரும்பிவிடும்.

ரெஜினா மேடம் என் நிரலை அச்சிட்டு, வரி வரியாகக் கத்தரித்து, சீட்டுக்கட்டு ஆக்கினார். எந்தச் சிக்கலுக்கும் அவர் வழக்கம் அதுதான். “நீங்க ஒரு பிராசஸர், நான் ஒண்ணு. மாத்தி மாத்திப் போடுவோம். எழுதினது உடனே எதிராளி கண்ணுல படாது. கையில மூடி வச்சுக்கணும். பிட்டை முழுசாப் போட்டு முடிச்சாதான் கையைத் திறக்கலாம்.”

‘மோட்டாரை ஓட்டு’ என்று வேலைப் பட்டியலுக்கான சீட்டில் எழுதி மூடிக்கொண்டேன். அடுத்து, பிட்டைப் போட வேண்டும். அது ஏற்கெனவே போட்டிருந்தது. போட்டிருந்தால் உடனே திரும்பிவிடு என்று ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். “முடிஞ்சுது” என்றேன்.

அவர் பிட்டை அணைத்தார், பட்டியலைப் பார்த்தார். “ஒண்ணும் இல்லையே. நான் தூங்கப் போறேன்.”

சீட்டு இன்னும் என் மூடிய கையில் இருந்தது.

“கதவு திறந்திருக்குன்னு வாசலோட திரும்பிட்டீங்க. சாமானை யாரு உள்ள வைக்கிறது? அப்படி என்ன அவசரம்?”

அன்றே நான்கு பிரதிகளையும் அழித்தார். அந்த இடத்தில் எல்லாச் சில்லுக்கும் பொதுவாக மூன்று வரிகள்: பிட் ஏற்கெனவே போட்டிருந்தாலும் எப்போதும் முழுதாகச் செய், பிறகு அதன் பழைய மதிப்பைச் சொல். “வேகம் போயிடும்” என்று முனகினேன். அளந்தோம். வித்தியாசம் எந்த மோட்டாருக்கும் தெரியாது.

கெடு முடியும் முன் செல்வராஜ் மறுபடி கத்தினார், இம்முறை சந்தோஷத்தில்: “தண்ணி பாயுதுங்க! அந்தம்மாவுக்கு ஒரு தார் அனுப்புறேன்!” ஒரு பெட்டியும் திரும்பவில்லை.

பின்னாளில் நோய் வந்து, அது முற்றிய பிறகும் என் நிரலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். “என்ன சேர்த்தீங்கன்னு சொல்லாதீங்க. எதை எடுத்தீங்க?”

அடக்கம் முடிந்து அலுவலகம் திரும்பினேன். ஐந்தாவது வகைச் சில்லு வந்திருந்தது. பிட்டுகளுக்காக அதற்கென்று ஒரு வரிகூட எழுதவில்லை. மேடத்தின் மூன்று வரிகளோடு, அந்தச் சில்லு பொருத்திய மின்சுற்றுப் பலகை முதல் முயற்சியிலேயே இயங்கத் தொடங்கியது. எதிரே மோட்டார் சுழன்றது. எல்லோரும் கைதட்டினோம்.

போயிட்டு வாங்க, மேடம். ஓடுது.