கடலுக்குப் போனவர் ஓட்டு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். வரட்டுமே. வர வேண்டிய விஷயத்துக்குத்தான் வருகிறது. படித்தவர்கள் கூடி நடத்தும் ஒரு தரவரிசையில், கடலுக்குப் போன மனுஷனுடைய ஓட்டு மட்டும் செல்லாது என்றால் கோபப்படாமல் கும்மியா அடிப்பார்கள்?

அது என்ன தரவரிசை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் பையன்களுக்கென்று வாரப் பத்திரிகைகள் இருக்கின்றன. அவற்றில் படக்கதைகள் தொடராக வருகின்றன. படக்கதைக்கு மாங்கா என்று பெயர், பையன்களுக்கான வகைக்கு ஷோனென் என்று பெயர். வாரம் ஒரு அத்தியாயம், ஏறக்குறைய இருபது பக்கம். அங்கே திங்கள்கிழமை பிறக்கும்போது நமக்கு ஞாயிறு இரவு எட்டரை. அந்த நேரத்துக்கு ஆங்கிலத்தில் நம் போனுக்கே வந்துவிடும். அங்கே வாசகர்கள் போடும் ஓட்டைப் பார்த்துத்தான் ஒரு தொடரை வளர விடுவதும் பாதியில் ஊற்றி மூடுவதும் என்று கேள்வி. நம் ஓட்டு அவ்வளவு தூரம் போகாது. அதற்காகக் கருத்து இல்லாமல் இருந்துவிட முடியுமா? தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் ஒருவர் அதற்காகவே போனில் ஒரு குழு தொடங்கினார். இருபது பேர். எட்டுத் தொடர்கள். அந்த வார அத்தியாயங்களைப் படித்துவிட்டு ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசைப்படுத்தி, திங்கள்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். செவ்வாய் காலையில் எல்லாவற்றையும் கூட்டி மொத்தப் பட்டியலைப் போடுவார். அவரை நாங்கள் சார் என்போம்.

முப்பத்தெட்டு வயதுப் பெண், அதுவும் பையன்கள் படிப்பதையா படிப்பது என்று என்னிடம் நேராகவே கேட்டவர்கள் உண்டு. கேட்ட ஆட்களெல்லாம் சாயந்திரமானால் மாமியாரும் மருமகளும் பாலில் விஷம் கலக்கிற சீரியலை வாரம் ஆறு நாள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பவர்கள். நான் எதைப் படிக்க வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்வதா?

நான் கீழ்வேளூரில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். பயிர்க் காப்பீட்டுக்கு வருபவர்கள் சிட்டாவையும் அடங்கலையும் நீட்டுவார்கள், நான் கணினியில் ஏற்றுவேன். பாதி நேரம் சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். அது சுற்றுகிற நேரத்தில் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தப் பழக்கம். வீட்டுக்காரருக்கு அதை ஒட்டவைத்தது தடைக்காலம். அவர் நாகப்பட்டினத்தில் விசைப்படகில் தொழில் செய்கிறார். மீன்பிடிக்கத் தடை போட்ட இரண்டு மாதமும் கரையில்தான் இருப்பார், வலையைப் பிரித்துப் பின்னி முடித்த பிறகு பொழுது போகாது. என் போனை வாங்கிப் பார்த்தார். திரும்பக் கொடுக்கவில்லை. முதலில் எழுத்தைப் படிக்காமல் படத்தை மட்டும் கடைசிவரை பார்த்துக்கொண்டே போவார். இரண்டாம் முறைதான் எழுத்து, அதிலும் புரியாத சொல்லை என்னிடம் கேட்டுக்கொள்வார். குழுவிலும் சேர்ந்தார். அந்த இரண்டு மாதமும் திங்கள் தவறாமல் இரண்டு பேரும் தனித்தனியாகப் பட்டியல் அனுப்பினோம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. அனுப்பிய பிறகு உட்கார்ந்து சண்டை போடுவோம். கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவ்வளவு பேசியதில்லை.

குழுவில் அவர் பட்டியலைப் பார்த்துச் சிரிப்பார்கள். எல்லோரும் முதலிடம் கொடுக்கும் வாள் சண்டை அத்தியாயத்தை இவர் ஆறாவதாகப் போடுவார். யாரோ ஒரு பக்கம் நின்று காய்கறி நறுக்கும் அத்தியாயத்தை இரண்டாவதாக வைப்பார். காரணம் கேட்டால், எனக்கு அப்படித்தான் இருந்தது என்பதோடு சரி. சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஒருவர் குழுவில் இருக்கிறார், விரல்கள் ஒழுங்காக வரையப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார். அவரைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள், கலைஞன் பார்வை என்பார்கள். என் வீட்டுக்காரர் போட்டால் மட்டும் சிரிப்பு.

தடை முடிந்தது. இவர் போவது தங்குகடல், அதாவது நாலைந்து நாள் கடலிலேயே தங்கித் தொழில் செய்வது. ஞாயிறு விடியுமுன் கிளம்பினால் வியாழனோ வெள்ளியோதான் கரை. கொஞ்ச தூரம் போனதும் டவர் போய்விடும். அத்தியாயங்கள் வருகிற நேரத்தில் அவர் கடலில். முதல் வாரம் திரும்பிவந்து, குளித்து, சாப்பிட்டு, எட்டையும் படித்துவிட்டு வெள்ளிக்கிழமை பட்டியலை அனுப்பினார். காலதாமதம், கணக்கில் சேராது என்று சார் பதில் போட்டார். அடுத்த வாரமும் அதேதான். கூடவே விதியையும் நினைவூட்டினார்: தொடர்ந்து மூன்று வாரம் பட்டியல் வராவிட்டால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடலில் டவர் இல்லை சார், அவர் வேண்டுமென்றா தாமதம் செய்கிறார், மொத்தப் பட்டியலை வெள்ளிக்கிழமை போட்டால் குடியா முழுகிவிடும் என்று எழுதினேன். எல்லோருக்கும் ஒரே விதிதான் மேடம், ஒருவருக்காக மாற்றினால் நாளைக்கு நாற்று நடுகிறேன், கதிர் அறுக்கிறேன் என்று ஆளாளுக்கு வருவார்கள் என்றார். ஒருத்தன் குறுக்கே வந்து, மீனோடு சேர்த்து சிக்னலையும் வலை போட்டுப் பிடிக்கலாமே என்று எழுதினான். அதற்குப் பதினோரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். எண்ணினேன். ஏசி அறையில் உட்கார்ந்து ஓட்டுப் போடுகிறவர்கள் இவர்கள். வஞ்சிரம் வேண்டும், அதைக் கொண்டுவருகிறவன் மட்டும் திங்கள் ஆறு மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். என்ன நியாயம் இது?

மூன்றாவது வாரம் வந்தது. திங்கள்கிழமை. அவர் கடலில்.

அவருடைய எண்ணுக்கு வரும் செய்திகள் என் பழைய போனிலும் வரும். படகு முதலாளி ஏதாவது அனுப்பினால் நான் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்து வைத்த ஏற்பாடு அது. மையத்தில் வேலையை முடித்து, ஐந்தேகாலுக்கு என் பட்டியலை அனுப்பினேன். பிறகு பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தப் பழைய போனை எடுத்தேன். இவரை எடுத்துவிடப் போகிறார்கள் என்ற ஒரே நினைப்புதான். மையத்தில் யாராவது விண்ணப்பம் கொடுத்தால், எவ்வளவு சின்னக் கட்டமாக இருந்தாலும் அவர்களைக் கேட்காமல் நான் டிக் போட மாட்டேன். வரிசை நீண்டாலும் கேட்பேன். அன்றைக்கு எட்டுக் கட்டத்தையும் யாரையும் கேட்காமல் நிரப்பினேன்.

எனக்குத் தெரியாதா அவரை? எங்கள் எட்டில் ஒன்றாகப் புதிதாக ஒரு கடல் தொடர் ஆரம்பித்திருந்தது. முதல் இரண்டு அத்தியாயமும் கதாநாயகனின் ஊரிலேயே நடந்தன, இவர் அவற்றை நடுவில் வைத்திருந்தார். அந்த வாரம்தான் அவன் கடலில் இறங்குகிறான். புயல். இரண்டு பக்கத்துக்கு விரித்து ஒரே அலை, அலைக்கு நடுவே படகு, படகின் முன்முனையில் கையைக் கட்டிக்கொண்டு அவன். பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. கடல்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? அதை முதலாவதாகப் போட்டேன். அஞ்சலோட்டப் பந்தயத் தொடர் ஒன்று உண்டு, அந்த வாரம் அதில் ஒன்றுமே நடக்கவில்லை. பையன் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வருகிறான், ஷூவைக் கழுவிக் காயவைக்கிறான், சாப்பிடுகிறான், தூங்குகிறான், அவ்வளவுதான். அது எட்டு. மற்றவற்றை நடுவில் நிரப்பி, ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவர் எண்ணிலிருந்து அனுப்பினேன். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. ஜெயித்த மாதிரி உட்கார்ந்து வந்தேன்.

செவ்வாய்க்கிழமை மொத்தப் பட்டியலோடு சார் ஒரு குறிப்பும் போட்டிருந்தார். இந்த வாரம் கடல்கார அண்ணனின் பட்டியல் மிகவும் பொறுப்பானது, அனுபவம் பேசுகிறது என்று. பலர் கை தட்டியிருந்தார்கள். சிக்னலைப் பிடிக்கச் சொன்னவன்கூடக் கை தட்டியிருந்தான். எனக்கு ஒரே பெருமை. அவர் வந்ததும் காட்ட வேண்டும் என்று வியாழன் வரை காத்துக்கொண்டிருந்தேன்.

நான் காட்ட வேண்டியிருக்கவில்லை. கரை நெருங்கும்போதே டவர் கிடைத்து, அவரே பார்த்துவிட்டிருந்தார். வீட்டுக்குள் வந்ததும் போனை என் முன்னால் நீட்டினார்.

"இந்த லிஸ்டு யாரு போட்டது?"

"நான்தாங்க. இல்லன்னா உங்கள எடுத்திருப்பாங்க."

அவர் துண்டை எடுத்துக்கொண்டு போனார். குளித்துவிட்டு வந்தார். சாப்பாடு அப்புறம் என்று சொல்லிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து எட்டு அத்தியாயத்தையும் வழக்கம்போல இரண்டு முறை படித்தார். அப்புறம் என் பேனாவை வாங்கி, ஐஸ் கம்பெனி ரசீதின் பின்பக்கத்தில் தன் வரிசையை எழுதிக் கொடுத்தார். கடல் தொடர் எட்டாவது. அஞ்சலோட்டத் தொடர் முதலாவது.

நான் விடுவேனா? கடலை எப்படிக் கடைசியில் போடலாம் என்று சண்டைக்குப் போனேன். காற்று ஒரு பக்கமிருந்து அடிக்கிறது, அவன் தலைமுடி காற்றை எதிர்த்துப் பறக்கிறது என்று படத்தில் விரலை வைத்துக் காட்டினார். இந்தக் காற்றில் எவனாவது முன்முனையில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பானா, படுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிடுவானே தவிர என்றார். சரி, அஞ்சலோட்டத்தில் என்ன இருக்கிறது, ஒன்றுமே நடக்கவில்லையே என்று கேட்டேன்.

"அவன் வீட்டுக்கு வந்தான்ல," என்றார்.

அந்த அத்தியாயத்தை மறுபடி ஒரு தடவை தள்ளிப் பார்த்தேன். ஆனால் தோற்றுப்போக மனசு வரவில்லை. அது எப்படியோ போகட்டும், உங்கள் இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தேனே, அதற்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாதா என்று கேட்டேன். அதற்குத்தான் அவர் சொன்னார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"எடுத்திருந்தா, இவன் கடலுக்குப் போயிட்டான், அதான் காணோம்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். இப்ப நான் இல்லாததே யாருக்கும் தெரியலையே."

எனக்கு முதலில் அவர் மேல்தான் ஆத்திரம் வந்தது. நன்றி கெட்ட மனுஷன் என்று வாய்விட்டே சொன்னேன். அடுப்படியில் பாத்திரங்கள் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டன. குழம்பு கொதிக்கிற வரைக்கும் அந்தக் கோபம் தாங்கியது. அதற்கு மேல் அதை இழுத்துப் பிடிக்க என்னால் முடியவில்லை. சார் அவருடைய பட்டியலைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். அவருக்குப் பதிலாக வேறொன்றை எழுதிவைக்கவில்லை. அதைச் செய்தவள் நான். பதினாறு வருஷம் கூட இருந்தவள், குழுவில் இருக்கும் மற்றவர்களைப் போலவே, கடல்காரனுக்குக் கடல் பிடிக்கும் என்று எழுதிவைத்தேன். வெட்கமாக இருந்தது. இப்போது இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கே குழுவில் எழுதினேன். நீங்கள் கை தட்டிய பட்டியல் அவருடையது இல்லை, நான் போட்டது, அவருடையது இதோ என்று அந்த ரசீதைப் படம் எடுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை வரை பொறுக்காத உங்கள் விதி தப்பு என்று இப்போதும் சொல்வேன், என் தப்பு அதைவிடப் பெரிய தப்பு என்றும் சேர்த்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னதற்குச் சார் நன்றி தெரிவித்தார். அந்த வாரக் கூட்டலைத் திருத்தினார். மூன்று வாரம் ஆகிவிட்டதால், விதிப்படி, அவருடைய எண்ணை நீக்கினார். நன்றி, திருத்தம், நீக்கம், எல்லாம் பத்தே நிமிஷத்தில் முடிந்தது. நானும் வெளியே வந்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். வீட்டுக்காரர்தான் தடுத்தார், உன் லிஸ்டு உன்னோடது, அதை ஏன் விடுகிறாய் என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்தொன்பது பேரின் பட்டியல் வந்தது. வாள் சண்டை முதலிடம், வழக்கமான வாழ்த்துகள், வழக்கமான சண்டை. மத்தியானத்துக்கு மேல், பூதலூரிலிருந்து ஒருவர், இதுவரை எங்கள் இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை பேசியிராதவர், ஒரு வரி எழுதினார்: "கடல்கார அண்ணன் இருந்தா இந்த வாரம் எதை முதல்ல போட்டிருப்பார்?"

தெரியாது, வியாழக்கிழமை வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன். அதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

வியாழக்கிழமை அவர் வந்ததும் போனை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். பத்தொன்பது பேரில் ஒரே ஒரு ஆள்தானா என்று எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது, அதையும் சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அந்த ஒரு வரியைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, சாப்பாடு போடச் சொன்னார்.