வெக்ஸ்போர்டில் ஒரு முழங்கை

ஸ்கார்பரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு யாழ்ப்பாணத் தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. மத்தியான நேரம். மதுரையிலிருந்து வந்திருக்கும் நான் மட்டன் ரோல்ஸைக் கடித்தபடி, சுவர் டிவியில் ஓடும் பேஸ்பால் ஆட்டத்தைப் பாதி புரிந்தும் புரியாமலும் பார்க்கிறேன். பக்கத்து மேசையில் டாக்ஸி ஓட்டும் சிவா அண்ணைக்கும் கடைக்கார ரெஜினா அன்ரிக்கும் பெரிய வாக்குவாதம். உள்ளூர் அணிக்குப் பந்து வீசுகிறவன் முழங்கையில் இரண்டு தடவை அறுவை சிகிச்சை செய்துகொண்டு இன்றுதான் திரும்பியிருக்கிறானாம்.

"உவனை நம்பேலாது அன்ரி. கை திரும்பவும் போகும், பாருங்கோ."

"சும்மா இரும் சிவா. உவனை விட்டா எங்களிட்ட வேற ஆர் இருக்கினம்?"

"இன்னும் கொஞ்ச நாள் உட்கார வச்சிருக்கலாமே?" என்று நான் கேட்கிறேன்.

"ஓம் தம்பி, அதைத்தான் நானும் சொல்லுறன்," என்று சிவா அண்ணை உற்சாகமாக என் பக்கம் திரும்புகிறார்.

அதே நேரம் அவன் வீசுகிறான். பந்து எங்கோ போகிறது. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் சரிகிறான். அலறுவது டிவியிலேயே கேட்கிறது. அத்தனை பெரிய அரங்கம் அப்படியே அடங்கிப்போகிறது. அன்ரி வாயைப் பொத்திக்கொள்கிறார். நான் கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைக்கிறேன்.

அதையே மெதுவாகத் திரும்பக் காட்டுகிறார்கள். கை வளையக் கூடாத பக்கம் வளைகிறது. இன்னொரு தடவை காட்டத் தொடங்கும்போது சிவா அண்ணை எழுந்துபோய் டிவியை நிறுத்துகிறார்.

"இப்பிடி ஆகோணும் எண்டு நான் சொல்லேல்லை," என்கிறார், யாரையும் பார்க்காமல்.

யாரும் டிவியைத் திரும்பப் போடச் சொல்லவில்லை.