நோய் இலை தேடிய வாரம்

புரதங்களோடு வேலை செய்கிறவர்களுக்குப் புரதம் தொல்லை தருவதில்லை. அது இருக்கிற இடத்துக்குப் போய் வருவதுதான் தொல்லை. ஆய்வுகூடங்களில் அல்லல்படும் தோழர்களே, உங்களுக்கு இது புதிதல்ல. கொப்புள நோய் வந்த தேயிலையில் எந்தப் புரதம் கூடுகிறது, அது அங்கே என்ன செய்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் கொழும்பில் எனக்குப் புரதம் அளக்கும் இயந்திரம் கிடைத்திருந்தது. அதற்குள் நோயுற்றதும் நல்லதுமாக ஐந்து ஜோடி இலை வேண்டும். தவறினால் என் ஒப்பந்தத்தை நீட்ட மாட்டார்கள்.

அனுமதி

ஹாலிஎலை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மலையில் வேலையை மேற்பார்த்து நின்ற உதவி நிர்வாகி சின்னதொரையிடம் விளக்கினேன்: இலைக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள், எது என்ன வேலை செய்கிறது என்று இயந்திரம் காட்டிவிடும். அவர் முகம் மலர்ந்தது. "அப்ப அத இங்க கொண்டாங்க மிஸ். யாரு சும்மா நிக்கிறான்னு பாத்துருவோம்." அவர் நகர்ந்ததும், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த செல்வராணி அக்கா தலை நிமிராமலே சொன்னார்: "மொதல்ல ஆபீசுல வச்சுப் பாக்கச் சொல்லுங்க."

தராசு

பறித்த இலை காயத்தை உணர்ந்து புரதங்களை மாற்றத் தொடங்கிவிடும். அதனால் உடனே திரவ நைதரசனில் போட்டு உறையவைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பத்துப் பொட்டலங்களையும் குடுவைக்குள் போட்டேன். மேலும் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று நோய்ச் செடிகளில் சிவப்பு நாடா கட்டினேன்.

இறங்கும்போது, கொழுந்து நிறுக்கும் கங்காணி மறித்தார். பொட்டலங்களை எல்லாம் வெளியே எடுக்கவைத்து, ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். "வேண்டாங்க" என்றேன்; எனக்கே கேட்கவில்லை. வெயிலில் இலைகள் இளகிக் கறுத்தன. அவர் மிகவும் அன்பாகச் சொன்னார்: "தராசு பாக்காம இந்த மலைய விட்டு ஒரு கொழுந்தும் எறங்குனதில்ல, மிஸ்."

வரவேற்பு

கெட்டுப்போன இலைகளுக்குப் பதில் எடுக்க வியாழக்கிழமை மறுபடி போனேன். நாடா மட்டும் காற்றில் ஆடியது. நாடா கட்டிய செடிகளில் கொப்புளம் கண்ட இலை முழுவதையும் கிள்ளி எறிந்து, மலை முழுக்க மருந்தும் அடித்திருந்தார்கள். கங்காணிக்குப் பெருமை தாங்கவில்லை. "கொழும்புல பாக்கப்போற செடி. நோயோட விட்டா தோட்டத்துக்கு அசிங்கமில்லயா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்வராணி அக்கா கையைப் பிடித்து இழுத்தார். "அழுவாதீங்க தங்கச்சி. நோய்தானே வேணும்? நாங்க குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால நாலு வரிசை செடி கெடக்கு. அங்க மருந்தும் வராது, தராசும் வராது, தொரையும் வராது."

ஐந்து ஜோடியும் வெள்ளிக்கிழமை இயந்திரத்தில் ஏறின; நோய் வந்தால் இலை என்ன செய்கிறது என்று எழுத அறிக்கையில் நிறைய இடம் இருந்தது, தோட்டம் என்ன செய்கிறது என்று எழுதத்தான் இடமில்லை.