மாரிக்கண்ணுவின் சுழல் முக்காலி

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்து உதவியாளர் மாரிக்கண்ணு. ஊர் பட்டினச்சேரி. அண்ணன் தம்பிகள் மீன்பிடிக்கப் படகேற, இவர் மட்டும் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு காரைக்காலுக்கு சைக்கிள் மிதித்தார்.

கோண உந்தம் என்ற பாடம் நடத்தும் நாள் அவருடைய நாள். சுழல் முக்காலியில் ஏறி, கைக்கு ஒரு எடைக்கல்லாகப் பிடித்து, இரு கைகளையும் அகல விரிப்பார். பாடம் எடுக்கும் ஜோசெஃபின் மேடம் ஒரே ஒரு முறை தள்ளிவிட்டு, தன் கைகளை உயர்த்திக் காட்ட வேண்டும். அது மாரிக்கண்ணு வைத்த சட்டம்.

"மேடம் கைய எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு!" பி.யூ.சி. வகுப்பே கத்தும்.

பிறகுதான் கைகளை மார்போடு மடக்குவார். முக்காலி விர்ரென்று வேகமெடுக்கும். வெளியிலிருந்து யாரும் திருகாதவரை கோண உந்தம் மாறாது, எடை அச்சுக்கு அருகே வந்தால் வேகம் கூடியே தீரும் என்பார் மேடம். மாரிக்கண்ணுவோ இறங்கி, நேராக நடந்து போய்க் கதவைத் தொடுவார்.

"தலை சுத்தலையாண்ணே?"

"கடல்ல ஆடாத ஆட்டமாடா இது?"

எழுபத்தாறாம் வருஷம் பக்கவாதம் வந்து அவருடைய இடது கை விழுந்துவிட்டது. மூன்று மாதம் கழித்துப் பேருந்தில் வந்தார். அந்தப் பாடமும் வந்தது.

"இந்த வருஷம் முக்காலியில நீங்க உக்காந்துடுங்க" என்று மேடம் என்னிடம் மெல்லச் சொன்னார். நான் அங்கே செய்முறைப் பயிற்சியாளன். மாரிக்கண்ணு அதைக் கேட்டும் கேட்காதவர்போல முக்காலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

மதியம் டிபன் பாக்ஸ் எடுக்கப் போனேன். ஆளில்லாத கூடத்தில், முக்காலியில் அவர். முழங்காலில் சிராய்ப்பு. வலது கையால் மேசையை உந்தி, நீட்டிய இரண்டு கால்களையும் மடக்கினார். வேகம் கூடியது.

"பாத்துட்டீங்களா தம்பி? எடை கிட்ட வரணும், அவ்வளவுதானே. கையா காலான்னு முக்காலிக்குத் தெரியுமா? எனக்கு இந்த ஒரு நாள்தான் தம்பி."

மேடத்திடம் போய், அவரே உட்காரட்டும் என்றேன்.

வகுப்பில், செயலற்ற கையை இடுப்புப் பட்டைக்குள் செருகிக்கொண்டு கால்களை நீட்டினார். மேடம் தள்ளினார். ஆனால் கையை எடுக்கவில்லை. அவர் தோளைப் பிடித்தபடி கூடவே சுற்றி நடந்தார்.

"மேடம், கை."

"விழுந்துடுவீங்க மாரிக்கண்ணு."

"விழுந்தா எந்திரிச்சுக்கிறேன். நீங்க புடிச்சிருந்தா இது நீங்க சுத்துறதுங்க. புள்ளைங்க எப்படி நம்பும்?"

மேடம் மறுபடி ஒரு முறை தள்ளினார். கைகளை உயர்த்தினார்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு." இந்த முறை வகுப்பு கத்தவில்லை, மெல்லச் சொன்னது.

கால்களை மடக்கினார். காக்கிச் சட்டை மங்கலாகும் அளவுக்கு முக்காலி சுழன்றது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

வேகம் அடங்கியதும் இறங்கி, கதவை நோக்கி நடந்தார். கால் கோணியது. கதவுக்கு ஒரு சாண் தள்ளி, சுவரைத்தான் தொட்டார்.

"கதவ நவுத்தி வெச்சது எவண்டா?"

வகுப்பு சிரித்தது. யாரும் அவரைப் பிடிக்கப் போகவில்லை. மேடத்தின் கைகள் இன்னும் உயர்ந்தே இருந்தன.