மூன்று மாத வெளிச்சமும் ஒரு தலையும்

அந்த மூன்று மாதமும் என்னோடு தெருவில் நடந்து வந்தவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு பாத்திரக் கடை முன்னால் கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். எதிர்க்கடையின் சிவப்புத் தார்ப்பாய் ஓர் எவர்சில்வர் குடத்தின் வயிற்றில் எப்படி வளைந்து விழுகிறது என்று பார்ப்பதற்காக.

"என்னா மா, எடுக்கிறியா, பாக்கிறியா?" என்றார் கடைக்காரர்.

"பாக்கிறேண்ணா."

"நல்லா பாரு. ஆனா ஓரமா நின்னு பாரு, எடுக்கறவங்க வராங்க."

நான் வீடியோ கேமுக்கு வெளிச்சம் போடுகிறவள். ஆடுகோடியில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்கு மேலே இரண்டு அறைகள், அதுதான் எங்கள் ஸ்டூடியோ. அதை நடத்துகிறவரை நாங்கள் அக்கா என்றே கூப்பிடுவோம். பெரிய கம்பெனியில் பதினைந்து வருஷம் வேலை பார்த்து, வெறுத்துப்போய், இதைத் தொடங்கியவர். உருவங்களை எல்லாம் செய்கிற பையன் ஒருவன் இருந்தான், என் வயதுதான், மல்லேஸ்வரத்துக் கன்னடக்காரன். தமிழை எங்களோடு பேசிப் பேசியே கற்றுக்கொண்டவன். இன்னும் மூன்று பேர் காதில் ஹெட்போனோடு இருப்பார்கள், இந்தக் கதையில் அவர்கள் தலையிடவில்லை.

நாங்கள் செய்துகொண்டிருந்த கேம் சிவாஜிநகர் மாதிரி ஒரு சந்தையில் நடப்பது. டீக்கடை அம்மாளின் சேவல் காணாமல் போகிறது. அதைத் திருடியவர் யார் என்று நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் கதாநாயகனின் கண் வழியாகவே பார்ப்பீர்கள். திருடியவர் பழக்கடைக்காரர். பெரிய மீசை. கடைசியில்தான் தெரியும்.

இதற்கு வெளிச்சம் போட இரண்டு வழி. பழைய வழியில் எங்கே வெயில், எங்கே நிழல் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டு, பெயின்ட் மாதிரி சுவரிலும் தரையிலும் ஒட்டிவிடுவோம். புது வழிக்கு ரே டிரேசிங் என்று பெயர். ஒவ்வோர் ஒளிக்கதிரும் எதில் பட்டு எங்கே தெறிக்கிறது என்று, நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் கணக்குப் போடும். யூடியூபில் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் மூச்சு வாங்கப் பேசுவார்கள். நானும் அப்படித்தான் பேசினேன். பேசிப் பேசி மூன்று மாதத்தை வாங்கினேன்.

பிரச்சினை, கேம் நகரவில்லை. நொடிக்கு அறுபது படம் ஓட வேண்டிய இடத்தில் இருபதே தள்ளாடியது. என் கம்ப்யூட்டரின் ஃபேன் போட்ட சத்தத்தில், கீழே ஷெட்டில் யாரோ வண்டியை ரேஸ் பண்ணுகிறார்கள் என்று அக்கா இரண்டு முறை ஜன்னலைச் சாத்தினார். டிசம்பர் குளிரில் மட்டும் எனக்குச் செல்வாக்கு இருந்தது. காலையில் வந்ததும் எல்லாரும் என் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை நீட்டிக் குளிர்காய்வார்கள்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை பாடுபட்ட பிறகும் பழைய வெளிச்சத்துக்கும் என் வெளிச்சத்துக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் தெரிய வைக்க வேண்டும் இல்லையா? தண்ணீர் ஊற்றினேன். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற வேலைதான் இது. பிரதிபலிப்பைக் காட்ட வேண்டுமானால் தரையை நனைத்துவிடுவது. முதலில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு சின்னக் குட்டை. அப்புறம் துணிக்கடை வாசலில். அப்புறம் தெரு முழுக்க. வானத்தில் மேகமே இல்லாத ஒரு மத்தியான வெயிலில் என் சந்தை மட்டும் சொட்டச் சொட்ட நின்றது.

"ஏன் குரு, பைப் உடைஞ்சிடுச்சா?" என்றான் உருவங்கள் செய்கிற பையன். ஆணோ பெண்ணோ, சிநேகிதர் எல்லாரும் அவனுக்குக் குருதான்.

"மழை பெஞ்சு விட்டிருக்குன்னு வச்சுக்கோ."

"மழை துணிக்கடைக்குள்ளயுமா பெஞ்சுது?"

அந்த வாரச் சனிக்கிழமை ஒரு கல்லூரி அரங்கில் சின்ன ஸ்டூடியோக்கள் எல்லாம் தங்கள் கேமைக் காட்டப் போகிறார்கள். எங்களுக்கும் ஒரு மேஜை. புதன்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"கோவிச்சுக்காத மா. எனக்கே வித்தியாசம் தெரியல. எனக்குத்தான் கண்ணு போச்சோ என்னமோ. அதனால பத்து பேரை கூட்டிட்டு வந்து ரெண்டையும் விளையாட விடுவோம். ஆறு பேரு உன்னோடதுதான் நிஜமா இருக்குன்னு சொன்னா, உன் வெளிச்சத்தோட போவோம். இல்லன்னா பழசைப் போட்டுடுவோம். சரியா?"

"அக்கா, மூணு மாசம்..."

"அதனாலதான் பத்து பேரு. இல்லன்னா நானே இப்ப டெலீட் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்."

மறுநாள் மத்தியானம் இரண்டு திரைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஃபேன் சத்தத்தை வைத்து நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று தெரிந்து, இரண்டு கம்ப்யூட்டரையும் அடுத்த அறையில் வைத்து ஒயரை மட்டும் இழுத்திருந்தார். வேகத்தை வைத்தும் தெரியக் கூடாதென்று பழையதையும் நொடிக்கு இருபதிலேயே கட்டிப்போட்டிருந்தார்; தண்ணீர் இரண்டிலும் உண்டு, வெளிச்சம் மட்டும்தான் வேறு. எது எது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எனக்கு அது தேவையே இல்லை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, இடது பக்கம் இருப்பது என்னுடையது என்று.

முதலில் கீழ் ஷெட்டிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு இடது திரை முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு குட்டையையும் சுற்றிச் சுற்றிப் போனார். ஒன்றில் கூடக் கால் வைக்கவில்லை. கொடுத்த பத்து நிமிஷத்தில் பஸ் ஸ்டாண்டையே தாண்டவில்லை.

"ஏண்ணா சுத்திப் போறீங்க?" என்றேன், பேசக் கூடாது என்பதை மறந்து.

"ஷூ நனையும்ல மா."

எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. ஒரு மனிதர் என் தண்ணீரை நம்பிவிட்டார்! எழுந்து அக்காவைப் பார்த்தேன். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, மெல்லத் தலையை ஆட்டி, வலது திரையைக் கண்ணால் காட்டினார். என்னுடையது அது.

திரும்பப் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். மூன்று மாதம் நானே கையால் போட்ட வெளிச்சத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை என்றால், ஆறு பேருக்கு எங்கே தெரியப் போகிறது?

தெரியவில்லை. அக்காவின் சித்தப்பா ஒருவர் சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருக்கிறார். அவர் இரண்டு திரையையும் பார்த்துவிட்டு, "வாசல்ல இவ்ளோ தண்ணி நின்னா எவன்யா கடைக்குள்ள வருவான்? மொதல்ல முனிசிபாலிட்டிக்கு போன் பண்ணச் சொல்லு அந்தப் பையனை" என்று கதாநாயகனுக்கு வேலை கொடுத்துவிட்டுப் போனார். கூரியர் கொண்டுவந்தவர் இரண்டும் ஒன்றுதானே என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஒருவர் என்னுடையதைக் கைகாட்டினார். காரணம் கேட்டதற்கு, அந்தப் பக்கம் நாற்காலி நன்றாக இருக்கிறது என்றார். ஒன்பது பேர் முடிந்தபோது எனக்கு விழுந்த ஓட்டு அந்த நாற்காலி ஓட்டு மட்டும்தான்.

பத்தாவதாக வந்தவர் பக்கத்துக் கட்டடத்தில் ரவிக்கை, சட்டை தைக்கும் டெய்லர் அம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போகும் சர்ச்சில்தான் அவரும் பாடுவார். வலது திரை முன்னால் உட்கார்ந்தார். சேவலைப் பற்றியே கவலைப்படவில்லை. நேராகச் சந்தை மூலையில் இருந்த சலூனுக்குள் நடந்து கண்ணாடி முன்னால் போய் நின்றார். தைத்துக் கொடுத்ததும் ஆட்களைக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பார்த்தே பழகியவர்.

"சட்டை பரவால்ல. ஷோல்டர் கொஞ்சம் இறங்கியிருக்கு," என்றார். "காலர் நல்லா நிக்குது." அப்புறம் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "ஏம்மா, தலை எங்க?"

எல்லாரும் ஓடிவந்து பார்த்தோம். சலூன் கண்ணாடியில் சாட்சாத் எங்கள் கதாநாயகன். இஸ்திரி போட்ட சட்டை, நிமிர்ந்த காலர், அதற்கு மேலே பின்சுவரில் தொங்கிய காலண்டர்.

தலை இல்லாததில் ரகசியம் ஒன்றுமில்லை. கதாநாயகனின் கண் வழியாகவே ஆடுகிற கேம்களில் பல இடங்களில் இப்படித்தான், தலையை எடுத்துவிடுவார்கள். வைத்தால் அவன் பல்லின் பின்பக்கம் நம் கண்ணுக்குத் தெரியும். பழைய வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடி சும்மா மங்கலாக ஒரு சாம்பல் நிறத்தைக் காட்டும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. என் வெளிச்சம் உள்ளதை உள்ளபடி காட்டிவிட்டது.

"மூணு மாசமா நீ இதைப் பாக்கவே இல்லையா?" என்றார் அக்கா.

பார்க்கவில்லை. வெளிச்சம் போடுகிறவர்கள் யாரும் கேமை நடந்து ஆடுவதில்லை. எங்களுக்கென்று உடம்பே இல்லாத ஒரு கேமரா உண்டு. அதில் ஏறிக்கொண்டு கூரைக்கு மேலும் மேஜைக்கு அடியிலும் பறந்து பறந்து பார்ப்போம். அந்தச் சந்தையை நான் மூன்று மாதம் பருந்து மாதிரி சுற்றியிருக்கிறேன். ஒரு தடவை கூட மனுஷியாக நடந்து சலூனுக்குள் போனதில்லை.

"இது உன் ஓட்டுதான்," என்றார் அக்கா. "வித்தியாசம் தெரிஞ்ச ஒரே ஆளு. ஆக மொத்தம் ரெண்டு, நாற்காலியையும் சேத்து."

"ஆறு வேணும்னு சொன்னீங்களேக்கா."

"ஆமா. அதனால தண்ணி மொத்தத்தையும் எடுத்துடு. தெருவெல்லாம் பழைய வெளிச்சம். அந்தக் கண்ணாடிக்கு மட்டும் உன்னோடது. அதுவும் சனிக்கிழமைக்குள்ள அவனுக்கு தலை வந்தாத்தான். தலை வரலன்னா கண்ணாடியும் போயிடும்."

ஆறடிக்கு மூன்றடி. என் மூன்று மாதத்தில் மிச்சம் அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் ஒரு கை அகலம் கொடுத்திருந்தாலும் நான் வாங்கியிருப்பேன். நேராக உருவங்கள் செய்கிற பையனிடம் போனேன்.

"ஒரு தலை வேணும்."

"சனிக்கிழமைக்கா? தலைன்னா என்ன இட்லியா குரு, ஊத்தி எடுக்கறதுக்கு? ஒரு தலைக்கு எனக்கு ரெண்டு வாரம் ஆகும்."

"இருக்கறதுல ஒண்ணு கொடு."

இருந்ததே மூன்று தலைதான். சந்தைக் கூட்டத்தில் மற்ற எல்லாரும் எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். டீக்கடை அம்மாளின் தலை ஆகாது. பஸ் கண்டக்டரின் தலையில் தொப்பி முடியோடு சேர்ந்து ஒட்டியிருந்தது, பிய்த்தால் மண்டை திறந்துகொள்ளும். மிச்சம் பழக்கடைக்காரர். மீசையோடு அப்படியே தூக்கிக் கதாநாயகனின் கழுத்தில் வைத்தோம், கண்ணாடியில் மட்டும் தெரியும்படி. காலருக்கு மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு நாள் தூக்கமில்லாத மூளை எங்களுடையது. தலை வந்துவிட்டது, கண்ணாடி தப்பித்தது, அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தோன்றியது.

எங்கள் மேஜையில் ஒரு கல்லூரிப் பையன் ஆடிக்கொண்டிருந்தான். சேவலின் இறகு ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பழக்கடைக்காரர் மேல் சந்தேகப்பட்டு, அவரைத் தேடிக்கொண்டே சலூனுக்குள் நுழைந்தான். கண்ணாடியைப் பார்த்தான். எழுந்து நின்றுவிட்டான்.

"டேய்! டேய், இங்க வாங்கடா! நான்தான்டா அந்தத் திருடன்!"

அவன் சிநேகிதர்கள் ஓடிவந்தார்கள். "மச்சா, இவனே திருடிட்டு இவனே தேடறான்டா! சக்கத்தா இருக்கு, செம!" பத்து நிமிஷத்தில் எங்கள் மேஜை முன்னால் வரிசை. அடுத்த மேஜைக்காரர்கள் தங்கள் கேமை விட்டுவிட்டு எங்கள் வரிசையில் நின்றார்கள். யாரோ ஒருவர் அக்காவிடம் இந்தத் திருப்பத்தை எப்போது யோசித்தீர்கள் என்று கேட்டார்.

"ஆரம்பத்துலேர்ந்தே," என்றார் அக்கா, என் பக்கம் திரும்பாமல்.

மத்தியானம் வரை காத்திருந்தேன். ஒருவராவது வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று. கடைசியில் நானே கண்ணாடி போட்ட ஒரு பெண்ணைப் பிடித்துக் கேட்டேன்.

"லைட்டிங் எப்படி இருந்தது?"

"லைட்டிங்கா?" என்று யோசித்தாள். "இருந்துச்சு."

இந்த வெளிச்சத்தைப் பற்றி ஊதிப் பெருக்கிவிட்டார்களா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், ஆமாம், அதில் பாதிக் காற்று நான் ஊதியது என்று சொல்லியிருப்பேன்.

மூன்று மணிக்கு ஒருவர் வந்து உட்கார்ந்தார். விவரமான ஆள். ஆட்டத்தைத் தொடங்கும் முன்பே மெனுவைத் திறந்து, ரே டிரேசிங் என்று இருந்ததை அணைத்தார். "இது சும்மா பந்தா. ஸ்பீடுதான் குறையும்," என்று பக்கத்தில் நின்ற என்னிடமே சொன்னார். மளமளவென்று ஆடினார். சலூனுக்குள் போனார், சாம்பல் நிறத்தைப் பார்த்தார், வெளியே வந்தார். சேவலைக் கண்டுபிடித்தார்.

"பழக்கடைக்காரர் சேவலைத் திருடிட்டாரு," என்றார். "இதுக்கா இவ்ளோ கியூ?"

நான் அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மெனுவைத் திறந்து, அவர் அணைத்ததைத் திரும்பப் போட்டேன்.

"இப்ப ஒரு தடவ சலூனுக்குப் போங்க சார்."

போனார். கண்ணாடி முன்னால் நின்றார். மவுஸை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார், மீசையும் கூடவே அசைந்தது. பிறகு வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார், முதலிலிருந்து ஆட வேண்டுமாம்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் அக்கா சொன்ன முதல் வேலை, அதை அணைக்கும் வசதியை மெனுவிலிருந்தே தூக்கிவிடுவது. தூக்கிவிட்டேன். மாற்றங்களைக் குறித்துவைக்கும் பட்டியலில் காரணத்தைக் கதை என்று எழுதச் சொன்னார். நான் வெளிச்சம் என்றே எழுதினேன்.