நாளைக்கும் மழை வேண்டும் என்று ஜெபித்தது யார்?

சப்பாத்தை உதறாமல் காலில் மாட்டக் கூடாது. பிள்ளைகள் சொல்லும் சாட்சியை விசாரிக்காமல் நம்பக் கூடாது. தம்பின் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாரமெல்லாம் பால் மரம் சீவிவிட்டு, ஞாயிறு மத்தியானம் ஞாயிறு பள்ளி டீச்சராக இருந்த நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். எண்பதுகளின் தொடக்கம் அது. சம்பளமில்லாத இந்த வேலையில் அகப்பட்டுக்கொண்டவர்கள் உங்களிலும் சிலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் நம்ப மாட்டார்கள்.

கிராணி வீட்டு நாய்

எங்கள் ஞாயிறு பள்ளி தோட்டத்து மண்டபத்தில் நடந்தது. பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து, அந்த வாரம் கர்த்தர் தனக்குச் செய்த ஒரு நன்மையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பிஸ்கட். சட்டம் போட்டது நான்தான். நன்மையை மறக்கிற பிள்ளை, செய்தவரையும் மறந்துவிடும் என்பது என் பயம். பிஸ்கட் இருக்கும் இடத்துக்குப் பொய்யும் வரும் என்பது கொஞ்ச நாளில் தெரிந்தது.

பக்கத்து வீட்டு லெட்சுமியின் மகன் சேகருக்குப் பத்து வயது. அவர்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம். அவன் எங்களிடம் வந்தது பாட்டுக்கா பிஸ்கட்டுக்கா என்று எனக்குக் கடைசிவரை சந்தேகம். வாராவாரம் எழுந்து, "கிராணி வீட்டு நாய் என்னைக் கடிக்கல, ஸ்தோத்திரம்" என்பான். எனக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்துக் கணக்கு பார்க்கும் அந்தக் கிராணியின் வீட்டுப் பக்கமே போய் விசாரித்தேன். நாய் தீபாவளிக்கு முன்பே செத்துவிட்டதாம். அடுத்த ஞாயிறு அவனை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்டேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

"செத்த நாய் கடிக்கலதானே டீச்சர்? நான் எங்க பொய் சொன்னேன்?"

கீரை ஆய்ந்த லெட்சுமி

மகனை அனுப்பிவிட்டு லெட்சுமி வீட்டில் இருக்க மாட்டாள். மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே ஒரு கட்டுக் கீரையோடு உட்கார்ந்துகொள்வாள். ஒரு கட்டுக் கீரையை ஆய ஒரு மணி நேரம் ஆகுமா? அவள் பையனுக்கு நான் சாமுவேல் என்று பேர் வைத்துவிடுவேனோ என்று அவளுக்குச் சந்தேகம். நான் சொல்வதையெல்லாம் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகள் முழுக்கக் கொண்டுபோய்ப் பரப்புகிறாளோ என்று எனக்கு. நேரில் பார்த்தால் இருவரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொள்வோம்.

ஒரு ஞாயிறு சேகர் எழுந்து, தன் காய்ச்சலைக் கர்த்தர் குணமாக்கினார் என்றான். நாய் இல்லாத சாட்சி. எனக்கே மனம் குளிர்ந்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் லெட்சுமி கீரையை மடியில் அள்ளிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"காய்ச்சல் எறங்கணும்னு மாரியாத்தாவுக்குக் கூழு ஊத்த நேந்துக்கிட்டது நானு. நன்றி மட்டும் எப்படி டீச்சர் உங்க பக்கம் வருது?"

என் வீட்டுச் சாட்சி

ஊரார் பிள்ளைகளை விடுங்கள். என் மகள் ரூத்துக்கு எட்டு வயது. அவள் எழுந்தால் "கர்த்தர் நல்லவர்" என்ற இரண்டே வார்த்தை, உடனே உட்கார்ந்துவிடுவாள். கிளிப்பிள்ளை பேச்சு. டீச்சர் மகள் மனதில் விசுவாசமே இல்லையோ என்று நினைக்கும்போது எனக்குச் சோறு இறங்காது. அவள் அப்பா கெமாஸ் ரயிலடியில் வேலை பார்த்துக்கொண்டு எப்போதாவதுதான் வருவார். கர்த்தரைப் பற்றி அவளுக்குச் சொல்ல என்னை விட்டால் யாரும் இல்லை.

எங்களுக்கென்று சொந்தமாக ஒரு நன்மை உண்டு. ரூத் வயிற்றில் இருந்தபோது, விடிந்தும் விடியாத நேரம், மரத்துப் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைக்கக் குனிந்தேன். மரத்தடியில் கருநாகம் படமெடுத்து நின்றது. "இயேசப்பா" என்றேன். அது தலையைத் தாழ்த்திக்கொண்டு போய்விட்டது. இந்தக் கதையை ரூத்துக்குச் சோறு ஊட்டும்போதும் சொன்னேன், தலை வாரும்போதும் சொன்னேன். "இதைச் சாட்சியாச் சொல்லேன்டி" என்று கெஞ்சியும் பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"நன்மை இருக்கட்டும்மா. அந்தப் பாம்பு எங்க போச்சு?"

மண்டோரின் மரியாதை

வார நாளில் எங்களை வேலை வாங்கும் மண்டோருக்கு நான் "ஏ மேரி". அந்த ஞாயிறு குடையை மடக்கிக்கொண்டு வந்து "டீச்சர்" என்றார். அப்போதே ஏதோ வில்லங்கம் என்று தெரிந்துவிட்டது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்த சமயம். மரம் நனைந்தால் சீவ முடியாது. சீவாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. லயத்தில் எல்லார் வீட்டிலும் அரிசிப் பானை காலியாக ஒலித்தது, என் வீட்டிலும்தான்.

போன ஞாயிறு வகுப்பில், மௌன ஜெப நேரத்தில் ஒரு பிள்ளை "நாளைக்கும் மழை வேணும்" என்று முணுமுணுத்ததாம். யார் குரல் என்று தெரியவில்லையாம். ஜன்னலுக்கு வெளியே இருந்து கேட்டது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஞாயிறு பள்ளிதான் மழையைப் பிடித்து வைத்திருக்கிறது என்று லயமே நம்பியது.

"கிராணி மண்டபத்தைப் பூட்டச் சொல்லிட்டாரு டீச்சர். யாருன்னு கண்டுபிடிச்சு நிப்பாட்டுங்கலா, எனக்கும் நாலு புள்ளைங்க இருக்கு."

டார்ச் லைட்

எனக்குச் சேகர் மேல்தான் சந்தேகம். கூப்பிட்டு மிரட்டினேன். "மழை பேஞ்சா எங்கப்பா வீட்டுல இருப்பாரு டீச்சர், எனக்குத்தான் அடி விழும்" என்றான். முதல் முறையாக அவனை விசாரிக்காமல் நம்பினேன்.

அன்று சாயங்காலம் வீட்டு ஜெபத்தில் ரூத் வழக்கம்போல, "நான் மனசுக்குள்ள பண்ணிக்கிறேம்மா" என்றாள். இவ்வளவு நாளும் அதைச் சோம்பல் என்றுதான் நினைத்திருந்தேன். "வாய்விட்டுப் பண்ணு" என்றேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "ஆண்டவரே, நாளைக்கும் மழை வேணும். அந்தப் பாம்பு இன்னும் அங்கதான் இருக்கு. மழை பேஞ்சா அம்மா வேலைக்குப் போக மாட்டாங்க. இத்தனை நாளும் குடுத்தீங்க, ஸ்தோத்திரம்."

கிளிப்பிள்ளை என்று நான் நினைத்தவள்தான் ஞாயிறு பள்ளியிலேயே நிஜமாக ஜெபித்த பிள்ளை. அவளை மடியில் இழுத்துக்கொண்டு அழுதேன். பிறகு மண்டோரின் பிள்ளைகளைப் பற்றியும், எங்கள் அரிசிப் பானையைப் பற்றியும் சொன்னேன். மழையை விட்டுவிட்டு, பாம்பு போகட்டும் என்று கேட்கலாமே என்றேன். நெடுநேரம் யோசித்துத்தான் சம்மதித்தாள். புதன்கிழமை வெயில் வந்தது, மண்டபத்துச் சாவியும் திரும்ப வந்தது. மறுநாள் விடியற்காலையில் நான் சப்பாத்தை உதறிக்கொண்டிருந்தபோது, அவள் பாயிலிருந்து எழுந்து வந்து என் கையில் ஒன்றைத் திணித்தாள்.

"பாம்பு போகணும்னு ஜெபம் பண்ணிட்டேம்மா. இருந்தாலும் நீங்க டார்ச் லைட் எடுத்துட்டுப் போங்க."

என் விசுவாசத்தை மகளுக்குக் கொடுக்க நான் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும். என் சந்தேகத்தை மட்டும் அவள் கேட்காமலே எடுத்துக்கொண்டிருந்தாள்.